சிற்றிதழில் எழுதியவர்களின் குரலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் பணி பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை என் பேத்தி வாசிக்கக் கேட்டேன். எனக்கு இரண்டு கண்களிலும் விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. தலைப்பு தெரியும், செய்தி தெரியாது. அதனால் வீட்டில் யாராவது படித்துக் காட்டினால்தான் நாளிதழ் எனக்கு நாளிதழ். கட்டுரையை மனமார வரவேற்கிறேன். ஆனால் முக்கியமான ஒன்று அதில் விடுபட்டிருக்கிறது. தாளைக் காப்பாற்ற வேண்டும் என்று அத்தனை அக்கறையோடு எழுதியவர், அந்தத் தாளில் எழுதியவர்களில் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிற்றிதழ்களில் எழுதிய இளைஞர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்கள் எழுதியதை அவர்கள் வாயாலேயே வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்ய நமக்கு அதிக காலம் இல்லை. தாள் இன்னும் பத்து வருடம் பெட்டியில் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நான் எழுத்தாளன் இல்லை. பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக, அதாவது ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி வரியாகக் கோப்பவனாக இருந்தவன். 1974இல் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு எழுத்துப் பிரிக்கும் பையனாகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்து, ஈய எழுத்துகளை எடைக்குப் போடும்வரை அந்த வேலைதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ரசீதுப் புத்தகம் ஆகியவைதான் எங்களுக்குச் சோறு போட்டன. இவற்றுக்கு நடுவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் ஆறு மாதம் கழித்து, ஒரு சிற்றிதழ் வரும். அதன் ஆசிரியர் வங்கியில் எழுத்தர். சம்பளம் வாங்கிய வாரத்தில் தாள் வாங்கிக் கொடுப்பார், அடுத்த மாதச் சம்பளத்தில் அச்சுக்கூலி கொடுப்பார். முதலாளி ஒருநாளும் அவரிடம் கடிந்து பேசியதில்லை. இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. தமிழ்ச் சிற்றிதழ்களின் வரலாற்றில் ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன. கடனுக்கு அச்சடித்துக் கொடுத்த சிறிய அச்சக முதலாளிகளின் பெயர்கள் இல்லை.

எங்களிடம் இருந்த ஈய எழுத்து எட்டுப் பக்கத்துக்கு மேல் தாங்காது. எட்டுப் பக்கம் கோத்து, இரும்புச் சட்டத்துக்குள் ஃபாரமாக முடுக்கி, அச்சடித்து, எழுத்தைப் பிரித்து மறுபடி கேஸ் என்ற எழுத்துப் பெட்டியில் போட்ட பிறகுதான் அடுத்த எட்டுப் பக்கம். அதனால் ஒரு சிற்றிதழ் வெளிவர மூன்று வாரம்கூட ஆகும். அந்த மூன்று வாரமும் எழுதியவர்களில் உள்ளூர்க்காரர்கள் யாராவது மாலையில் அச்சகத்துக்கு வந்து நிற்பார்கள். தங்கள் பக்கம் கோத்தாகிவிட்டதா என்று பார்க்கத்தான் வருவார்கள், ஆனால் போக மாட்டார்கள்.

‘காலி’ என்ற நீளத் தட்டில் கோத்து முடித்து, பிழை பார்க்க முதல் புரூஃப் எடுத்ததும் ஒப்புநோக்க வேண்டும். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்கப் படிப்பார், மற்றவர் புரூஃபில் கண் ஓட்டிக்கொண்டே வருவார். பெரிய அச்சகங்களில் இதற்கென்றே தனி ஆட்கள் உண்டு. எங்கள் இடத்தில் படிப்பது என் வேலை. காற்புள்ளி, அரைப்புள்ளி, புதுவரி, புதுப்பத்தி எல்லாவற்றையும் வாயால் சொல்லிக்கொண்டே படிக்க வேண்டும். கட்டுரையானால் சிரமம் இல்லை. கவிதை வந்தால் எனக்குத் திணறும். எங்கே நிறுத்துவது, எங்கே இழுப்பது என்று தெரியாது. எழுதியவரே பக்கத்தில் நின்றால் பிரதியை என் கையிலிருந்து வாங்கித் தானே படிப்பார். அப்படி அவர் படிக்கத் தொடங்கியதும் டிரெடில் என்ற மிதி அச்சு மெஷினை ஓட்டுபவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அந்த மெஷின் ஓடினால் பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழாது.

ஆக, சிற்றிதழில் வந்த படைப்புகளில் பெரும்பாலானவை அச்சேறுவதற்கு முன்பே ஒரு முறை வாய்விட்டுப் படிக்கப்பட்டவை. சிலவற்றை எழுதியவர்களே படித்தார்கள். அந்தக் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. கொட்டகையில் நின்ற நாலு பேர் கேட்டோம், அவ்வளவுதான்.

இதைப் பழைய நினைவில் உருகிச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் தெரிந்தவனாக ஒரு காரணமும் சொல்கிறேன். கவிதையின் ஒரு வரி நீளமாக இருந்து, வரி கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கில் குறித்த அகலம் போதவில்லை என்றால் கடைசிச் சொல் கீழே இறங்கும். அதை வலப்பக்கம் ஒதுக்கி வைத்து, மேல் வரியின் மிச்சம் என்று காட்டுவது முறை. ஒதுக்க இடம் இல்லாதபோது அது தனி வரியாகவே நின்றுவிடும். கீழே இறங்கிய அந்தச் சொல்லைக் கவிஞர் உடைத்தாரா, பக்க அகலம் உடைத்ததா? ஸ்கேன் செய்த படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நாற்பது வருடம் கழித்துத் தொகுப்பு நூல் போடுகிறவர்கள் அதையே மூல வடிவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாணவர்கள் அந்த வரி முறிவில் ஆழம் கண்டு ஆய்வேடு எழுதுகிறார்கள். கவிஞர் ஒருமுறை வாசித்து வைத்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ சிற்றிதழ் 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் வந்தது. தமிழில் புதுக்கவிதை நிலைபெற்றது அதன் பக்கங்களில்தான். அந்தப் பக்கங்களை இன்று இணையத்தில் புரட்ட முடிகிறது, நல்லது. ஆனால் அதில் எழுதியவர்கள் எங்கெங்கிருந்து எழுதினார்கள் என்று பாருங்கள். பிரமிள் திருகோணமலையில் பிறந்தவர், இருபது வயதை ஒட்டி அங்கிருந்தே எழுதத் தொடங்கியவர். நகுலன் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர். அச்சில் எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரே பாயிண்ட் அளவு. திருகோணமலைத் தமிழின் ஏற்ற இறக்கத்தோடு ஒரு கவிதை பிறந்திருக்கலாம் என்பதை ஈயம் காட்டிக் கொடுக்காது. 1968இல் சேலத்திலிருந்து ‘நடை’ வந்தது, 1970இல் சென்னையிலிருந்து ‘கசடதபற’ வந்தது. கசடதபறவில் எழுதிய ஞானக்கூத்தன் யாப்பு தெரிந்தவர், புதுக்கவிதைக்குள்ளும் ஓசையை விடாதவர். அவர் கவிதைகளைக் கண்ணால் மட்டும் படிப்பது பாதிப் படிப்பு என்பது என் எண்ணம். நடையிலும் கசடதபறவிலும் எழுதிய ந. முத்துசாமி பிறகு 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவையே தொடங்கிவிட்டார். தாளுக்கும் குரலுக்கும் நடுவே நமது சிற்றிதழ்க்காரர்கள் சுவர் எழுப்பவில்லை. கி. ராஜநாராயணன் நடத்திய சிற்றிதழின் பெயரே ‘கதைசொல்லி’. சேலம் பக்கம் ‘மணல்வீடு’ நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் இதழுக்குப் பாடுபடுகிற அளவுக்குக் கூத்துக் கலைஞர்களுக்காகவும் பாடுபடுகிறவர்.

யாழ்ப்பாணத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்தவர். 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ அவருடைய சலூனிலிருந்துதான் வளர்ந்தது. முடிவெட்ட வந்தவர்களும் எழுத வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இலக்கியம் பேசிய இடம் அது. இதழைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்றார். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறார்கள். அதில் மல்லிகையும் இருக்கிறது. அதோடு நிற்காமல் வாய்மொழி வரலாறுகளையும் ஒலியாகப் பதிந்து சேர்க்கிறார்கள். போரையும் இடப்பெயர்வையும் கண்ட ஒரு சமூகம் குரலைக் காக்க வேண்டும் என்று முந்திக்கொண்டது. நாம் இங்கே எதையும் இழக்கவில்லை என்ற நினைப்பில் இருக்கிறோம்.

இப்போது எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அச்சடித்த அந்தச் சிற்றிதழுக்கு முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பெண் கவிதை அனுப்புவார். இன்லண்ட் லெட்டரில் பொடி எழுத்தில் எழுதி வரும். புனைபெயர்தான் போட வேண்டும், ஊர்ப்பெயர் போடக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் அடியில் குறிப்பு எழுதியிருப்பார். மொத்தம் நாலைந்து கவிதைகள் வந்திருக்கும். இதழ் நின்றதும் அவரும் நின்றுவிட்டார். புத்தகம் எதுவும் வந்ததில்லை. அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், இப்போது மகன் வீட்டில் இருக்கிறார் என்றும் அண்மையில் ஒரு பழைய நண்பர் மூலம் தெரிந்தது. நானும் பேத்தியும் போனோம். இதழ்களை நான் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்துக்கொண்டு போனோம். பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, “இதை யார் கோத்தது?” என்றுதான். நான்தான் அம்மா என்றேன்.

அவருடைய ஒரு கவிதை பீடி சுற்றும் அம்மாவைப் பற்றியது. எங்கள் மாவட்டத்தில் பீடி சுற்றாத தெரு குறைவு, உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். சுற்றியதை 25 பீடி ஒரு கட்டு என்று எண்ணிக் கட்ட வேண்டும். கவிதையின் நடுவில் வெறும் எண்கள் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக, இடையிடையே ஒரு சொல், மறுபடி எண்கள். அதைக் கோக்கும்போது எனக்கு இது கவிதையா என்றே இருந்தது. கையில் இருந்த காற்புள்ளிகள் தீர்ந்துபோய் வேறு அளவுக் காற்புள்ளிகளைப் போட்டு நிரப்பினேன்.

அவர் அதை வாசித்தார். எண்கள் வந்ததும் குரல் மாறியது. அவர் எண்களைப் படிக்கவில்லை, அவருடைய அம்மா எண்ணியது போல எண்ணினார். ஓர் இழுப்பும் ஒரு தாளமும் அதில் இருந்தது. விரல் வேகத்துக்கு ஏற்ற எண்ணிக்கை அது. பதினேழில் ஒரு மூச்சு வாங்கினார். அந்த இடத்தில்தான் அந்த இடைச்சொல் வருகிறது, “பசி” என்று. நான் அதை மெதுவாக, சோகமாகப் படிக்க வேண்டிய சொல் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் எண்ணுகிற வேகத்திலேயே, ஓர் எண்ணைப் போலவே அதைச் சொல்லிவிட்டுப் பதினெட்டுக்குப் போனார். அம்மா அதையும் சேர்த்தே எண்ணுவாள் என்று பிறகு விளக்கினார். பேத்தி தேம்பிவிட்டாள். பதிவில் அதுவும் இருக்கிறது, அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கவிதையை எந்தத் தரத்தில் ஸ்கேன் செய்தாலும் இது கிடைக்காது. அச்சில் இருப்பது எண்களும் காற்புள்ளிகளும். மிச்சம் அந்த ஒரு மனுஷியின் தொண்டையில் இருந்தது.

பெரிய எழுத்தாளர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எங்கள் பக்கத்து வண்ணதாசன், கலாப்ரியா, விக்ரமாதித்யன் ஆகியோரின் குரல்களைத் தேடினால் இன்று கேட்க முடிகிறது. கி. ராஜநாராயணன் 2021இல் மறைந்தார், அவர் பேச்சுகளும் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தார் தங்கள் டெல்லி அலுவலகம் மூலம் 2000ஆம் ஆண்டு முதல் தெற்காசிய எழுத்தாளர்களை அவரவர் படைப்பை அவரவர் மொழியில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார்கள். தமிழ் எழுத்தாளர்களும் அதில் இருக்கிறார்கள். பெயர் பெற்றவர்களைத் தேடி யாராவது வருவார்கள். நான் பேசுவது மூன்று கவிதையும் ஒரு கதையும் எழுதியவர்களைப் பற்றி. பஞ்சாலைத் தொழிலாளி, தபால்காரர், டிப்போவில் டிக்கெட் கணக்கு எழுதியவர், கிராமத்து ஆசிரியை. சிற்றிதழ் என்பது பெரும்பாலும் இவர்களால் நிரம்பியது. ஐந்து இதழோடு நின்ற பத்திரிகையில் இவர்களுடைய எழுத்துலக வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கும். நூல் ஆகாததால் நூலகத்தில் இருக்க மாட்டார்கள். நாட்டுடைமைப் பட்டியலிலும் வர மாட்டார்கள். இவர்கள் தங்கள் எழுத்தை வாசித்துப் பதிந்து வைத்தால்தான் தமிழ்நாட்டின் எந்த மூலையில் எந்தத் தமிழில் இலக்கியம் எழுதப்பட்டது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்.

கேசட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எண்பதுகளில் இலக்கியக் கூட்டங்களுக்கு யாராவது ஒருவர் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார். கவிதை வாசிப்பும் சண்டையும் சேர்ந்தே பதிவாகும். அந்த வங்கி எழுத்தர் மறைந்த பிறகு அவருடைய மனைவி ஒரு துணிப்பை நிறையக் கேசட்டுகளை என்னிடம் கொடுத்தார். சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. சிலவற்றில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்துவிட்டது. பேத்தி ஒரு பழைய டெக்கைப் பழுதுபார்க்கச் செய்து, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு இழுத்திருக்கிறாள். ஒரு கேசட்டில் தசரா நேரத்துக் கூட்டம். ஆயிரத்தம்மன் கோயில் பக்கத்திலிருந்து மேளம் ஏறி ஏறி வருகிறது, கவிஞர் அதற்கு மேல் குரலை உயர்த்துகிறார், ஒரு கட்டத்தில் மேளம் போகட்டும் என்று நிறுத்திக் காத்திருக்கிறார். பாளையங்கோட்டையை அறிந்தவர்கள் அந்த ஒலி எந்த வீதியிலிருந்து வருகிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இதைப் போன்ற கேசட்டுகள் மாவட்டந்தோறும் எத்தனை பரண்களில் கிடக்கின்றனவோ! தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். ஒட்டிக்கொண்ட நாடாவை மெஷினில் போட்டு வேகமாகச் சுழற்றிப் பார்க்கவும் வேண்டாம், அறுந்துவிடும். முதலில் வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள், பிறகு தெரிந்தவர்களிடம் கொடுங்கள். வானொலி நிலையங்களில் எழுத்தாளர்கள் தாமே வாசித்த கதைகள் எத்தனையோ ஒலிபரப்பாயின. நாடா விலை கூடிய காலத்தில் பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிவது வழக்கமாக இருந்தது. அப்படிப் போனது போகட்டும். வீடுகளில் இருப்பதாவது மிஞ்ச வேண்டும்.

இன்றைய இளைஞர்கள் சிற்றிதழ் நடத்துவதையும் தங்கள் எழுத்தைத் தாங்களே வாசித்து வெளியிடுவதையும் நான் பெருமகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் போன்ற கண் தெரியாதவனுக்கு அவர்கள் செய்வது பேருபகாரம். அவர்களிடம் சில வேண்டுகோள்கள் இருக்கின்றன. பின்னணியில் புல்லாங்குழலும் வீணையும் வேண்டாம். எழுதியவரின் மூச்சு கேட்க வேண்டும், இசை அதை மூடிவிடுகிறது. குரல்வளம் மிக்க வேறு ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி வாசிக்க வைக்காதீர்கள். எழுதியவருக்குத் திக்கினால் திக்கட்டும். இயந்திரக் குரலையும் நான் கேட்டுப் பார்த்தேன். நாளிதழ்ச் செய்திக்கு அது போதும், நன்றியோடு பயன்படுத்துகிறேன். கவிதைக்கு ஆகாது. வரி முடிவது அதற்குத் தெரிவதில்லை, பக்க எண்ணையும் சந்தா விவரத்தையும் கவிதையின் நடுவே சேர்த்துப் படித்துவிடுகிறது.

பதிவு செய்வதற்குப் பெரிய ஸ்டுடியோ தேவையில்லை. கைபேசி போதும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலை அடைக்க வேண்டும், துணிமணியும் மெத்தையும் உள்ள அறையாக இருந்தால் எதிரொலி வராது. வாசிப்பவர் கையில் கணினித்தாளைக் கொடுக்காமல் அந்தப் பழைய இதழையே கொடுங்கள். பழைய தாளைத் தொட்டதும் அவர்களுக்கு நினைவு வருகிறது, நான் கண்ணால் கண்டேன். முதலில் தேதி, ஊர், இதழின் பெயர், எந்த மாத இதழ் என்று அவரே சொல்லட்டும். வாசித்து முடித்த பிறகு பதிவை உடனே நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் பேசத் தொடங்குவது அப்போதுதான். கோப்பைச் சுருக்காத வேவ் வடிவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டால் ஒலி சுருங்கிவிடும், அதை மட்டும் நம்பி மூலத்தை அழித்துவிடக்கூடாது. எழுதியவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. ஆகவே அவர் கையாலேயே ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

அச்சு இதழை விட்டுவிடலாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. ஈயத்தைத் தொட்ட கை அப்படிச் சொல்லாது. ஆனால் இதழை அனுப்புவது இன்று எவ்வளவு பாரமாகிவிட்டது என்று நடத்துபவர்களைக் கேளுங்கள். அச்சிட்ட நூல்களைப் பதிவுத் தபாலில் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் வசதியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்று புதிய சேவையைக் கொண்டுவந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய் என்று தொடங்குகிறது, பாடநூல்களுக்கு நல்லதுதான். ஆனால் குறித்த கால இடைவெளியில் வெளியாகும் இதழ்களுக்கு அதில் இடமில்லை. பத்திரிகையாகப் பதிவு செய்துகொண்டால் தனிச் சலுகை உண்டு என்பார்கள். எப்போது அடுத்த இதழ் வரும் என்று ஆசிரியருக்கே தெரியாத, முந்நூறு பிரதி அச்சிடும் ஒரு சிற்றிதழ் அந்த விதிகளுக்குள் எப்படி நிற்கும்? அஞ்சல் துறை இதைத் திருத்த வேண்டும். அதுவரை இதழோடு குரலையும் அனுப்பினால், தாள் போய்ச் சேராத வீட்டுக்கு அதுவாவது போய்ச் சேரும்.

அரசிடம் நான் கேட்பது பெரிய தொகை இல்லை. சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நாம் கட்டுகிறோம். இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பார்வையற்றோருக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், அதற்காக நான் நெஞ்சார வாழ்த்துகிறேன். அதே அக்கறையோடு ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு சிறிய அறையை ஒதுக்குங்கள். ஒரு நல்ல மைக், ஒரு கேசட் டெக், ஒரு கம்ப்யூட்டர், தமிழ் படித்த ஓர் இளைஞர். அந்த மாவட்டத்தில் சிற்றிதழில் எழுதியவர்களின் பட்டியலை உள்ளூர் வாசகர்களே தயாரித்துக் கொடுப்பார்கள். அறைக்கு வர முடியாதவர்களின் வீட்டுக்கு அந்த இளைஞர் போக வேண்டும், இது முக்கியம். படுத்த படுக்கையாக இருப்பவர்களிடம் முதலில் போக வேண்டும்.

தங்கள் நாளிதழும் ஒன்று செய்யலாம். ஞாயிறு இணைப்பில் வாரம் ஒருவர் என்று, பழைய சிற்றிதழில் எழுதி மறக்கப்பட்ட ஒருவரின் படைப்பை வெளியிட்டு, அதை அவரே வாசித்த பதிவையும் கேட்கும்படி செய்யுங்கள். தொடங்க முக்கூடல் அம்மையார் சம்மதித்திருக்கிறார். இப்போது தம் சொந்தப் பெயரைப் போடலாம் என்றும், ஊர்ப்பெயரைக் கட்டாயம் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் உள்ள கேசட்டுகளின் பதிவுகளையும், நாங்கள் அச்சடித்த இதழ்களின் முழுத் தொகுப்பையும் எந்தப் பொது நூலகம் கேட்டாலும் விலையின்றித் தருகிறேன். பழைய இதழ்களைத் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒப்புநோக்க ஆள் வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள். இனி என்னால் உரக்கப் படிக்க முடியாது. அவர்கள் படித்தால், எந்த இடத்தில் வரி முறிந்தது, எந்த இடத்தில் பக்க அகலம் போதாமல் சொல் இறங்கியது என்று நான் கோத்த பக்கங்களுக்காவது சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பாசிட்டர்,
பாளையங்கோட்டை.